கல்வராயன் மலையிலிருந்து ஐந்து குழாய் ரத்தம்

சீமைக்குப் போய் வந்தால் மரியாதை கூடும் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். கூடத்தான் செய்தது. லண்டனிலிருந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை, என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பாளையங்கோட்டைக்காரர்களுக்கு மதுரை தாண்டினால் வெளியூர், திருச்சி தாண்டினால் வெளிநாடு. அந்தக் கணக்கில், வேலை பார்க்கும் ஊரைச் சேர்க்காமலே, நான் ஒரே வருஷத்தில் இரண்டு வெளிநாடு பார்த்தவள். முதல் நாட்டில் ஆறு மாதமும் அவித்த உருளைக்கிழங்கு. இரண்டாவது நாட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்குச் சோறு கிடைத்தது.

லண்டனில் நான் படித்தது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. நம் பக்கத்தில் அப்போதுதான் அது தலைகாட்டிக்கொண்டிருந்தது. பெண்ணையாற்றுக்கு வடக்கே நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அதற்காகக் கண்ணாடி அறை ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு, யாரைப் படுக்கவைப்பது என்று காத்திருந்தோம். குழந்தைகள் வார்டில் அலமேலு இருந்தாள். ஒன்பது வயது, கல்வராயன் மலைப் பெண். அவள் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. பல் துலக்கினால் ஈறு முழுக்க ரத்தம், லேசாக இடித்துக்கொண்டால் தொடை முழுக்க நீலம். யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றி ஏற்றி நாளை ஓட்டிக்கொண்டிருந்தோம். ஊசியைப் பார்த்தாலே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு வார்டே அதிரக் கத்துவாள். கூடப் பிறந்த யாருடைய மஜ்ஜையாவது பொருந்தினால் பிழைப்பாள், பொருந்தாவிட்டால் மாட்டாள். விஷயம் அவ்வளவுதான்.

கூடப் பிறந்தவர்கள் நான்கு பேர். நால்வரும் மலையில், அப்பாவோடு. வரச் சொல்லலாமென்றால் பஸ் கிடையாது. அது இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். வடக்குப் பக்கம் எந்த ரோட்டில் எப்போது மரம் விழும் என்று யாருக்கும் தெரியாது. அதே நேரத்தில் கள்ளக்குறிச்சி டாக்டர்கள் சங்கத்திலிருந்து, புது சிகிச்சையைப் பற்றிப் பேச யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் பெரிய டாக்டர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். "பேசிட்டு, அப்படியே மலையேறி நாலு பேர் ரத்தத்தையும் எடுத்துட்டு வந்துரு."

கிளம்பும்போது அலமேலுவின் அம்மா சின்னப்பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளைங்க ஊசின்னா ஓடிப்பூடுங்க டாக்டரம்மா. அவுங்க அப்பாரு அதுங்களுக்கும் மேல. அம்மை ஊசி போட வந்தா பலா மரத்து மேல ஏறிக்கினு எறங்கவே மாட்டாரு."

முதல் நாள். வழி கிடைத்த ரோட்டில் ஒரு மருந்து லாரியோடு கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்த என்னை வரவேற்றவர் டாக்டர் கோதண்டம். அறுபது வயது, தும்பைப்பூ வேட்டி, பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். முந்தின நாள் கல்யாணத்து ஜோடனையை யாரும் கழற்றவில்லை. ஜரிகைத் தோரணம், இரண்டு சிம்மாசன நாற்காலி, நடுவில் நான். முன்வரிசையில் ஒரு டாக்டர் பழக்க தோஷத்தில் ரோஜாப்பூ வைத்திருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் மேல் தூவியே விட்டார்.

படம் போட்டுக் காட்டலாமென்று லண்டனிலிருந்து சிலைடெல்லாம் கொண்டுபோயிருந்தேன். முதல் சிலைடிலேயே கரண்ட் போயிற்று. சரியென்று கையை ஆட்டி ஆட்டி ஒரு மணி நேரம் பேசினேன். கேட்டார்கள் ஐயா, அப்படிக் கேட்டார்கள்! லண்டனில் இதே பாடத்துக்குப் பாதிப் பேர் தூங்குவார்கள். இங்கே ஒருத்தர்கூடக் கண் மூடவில்லை. கீழேயிருந்து வந்த பிரியாணி வாசனையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"தாய் தகப்பன் குடுக்க முடியாதுங்களா?" என்று ஒருவர் எழுந்தார்.

"பாதிதான் பொருந்தும். அவங்களுக்கு ஊசி குத்தி நேரத்தை வீணாக்காதீங்க. எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்" என்றேன். என்ன தோரணை, என்ன தோரணை! தலைக்கு மேல் ஜரிகை வேறு.

ராத்திரிச் சாப்பாடு கோதண்டம் வீட்டில். ஆப்பிளைத் தவிர எல்லாவற்றிலும் புளி போடுகிற ஊர் என்று நினைக்கிறேன். கருவாட்டுக் குழம்பை மூன்று தரம் வாங்கி ஊற்றிக்கொண்டேன். பரிமாறிய மனைவியைக் காட்டிக் கோதண்டம், "இவ வேற யாரும் இல்ல, எங்க அக்கா பொண்ணுதான். தொட்டில்ல கெடந்தப்பவே பேசி வெச்சுட்டாங்க" என்றார். எனக்குப் புரை ஏறியது. எங்கம்மாவும் அவள் தம்பியை எனக்குப் பேசி வைத்திருந்தாள். பரம்பரை நோய், மரபணு என்று லண்டன் பாடத்தையெல்லாம் ஒப்பித்துத்தான் தப்பித்திருந்தேன். அதை இந்த வீட்டில் சொல்லிக் குழம்பை இழக்க மனம் வரவில்லை.

இரண்டாம் நாள். கோதண்டத்தின் கம்பவுண்டர் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றார். அவர் பெயரே பாவாடைதான், அந்தப் பக்கத்துச் சாமி பெயர். ஐம்பது வயது, காதுவரை மீசை. பின்னால் ஒரு பெட்டி கட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"ஐஸுங்க. போலியோ மருந்து எத்தினு போற பொட்டி. ரத்தம் கெடாம இருக்கோணுமில்ல?"

"ஐயையோ, ஐஸே ஆகாது! இந்தச் சோதனைக்கு ரத்தத்துல இருக்கிற அணு உயிரோட இருக்கணும். ஐஸ்ல வெச்சா செத்துரும். வெயிலும் கூடாது. சும்மா, நம்ம உடம்போட வெச்சுக்கிட்டு மறுநாள் காலையில ஆஸ்பத்திரியில சேர்க்கணும்."

பாவாடைக்கு இது பிடிக்கவே இல்லை. இத்தனை வருஷமாக அவருக்கு அரசாங்கம் சொல்லிக்கொடுத்தது ஐஸ், ஐஸ், ஐஸ் ஒன்றுதான். பெட்டியை இறக்கி வைக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தப் பொண்ணு நிஜமாகவே படித்ததுதானா என்கிற பார்வை.

கச்சிராயபாளையம் வரை கரும்பும் நெல்லும். கோமுகி அணை தாண்டியதும் ரோடு மேலே திரும்பியது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் பாவாடை ஒரு கையை விட்டுவிட்டு எனக்கு ஊர் காட்டினார். "தோ பாருங்க, கடுக்கா மரம்!" நான் கண்ணைத் திறந்தால்தானே. எங்கள் பொதிகையும் மலைதான், ஆனால் அதைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுக் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்துவிடுவோம். இப்படி மோட்டார் சைக்கிளில் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்து ஏறுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. வெள்ளிமலையில் டீ குடிக்க இறங்கினோம். பாவாடை டீக்கடைக்காரரிடம், "பாரின் டாக்டரு. ஐஸ் வேணாம்னுது" என்று என்னை அறிமுகப்படுத்திவைத்தார்.

அங்கிருந்து நடை. சாமை கதிர் விட்டுத் தலை சாய்ந்த கொல்லைகள் வழியாக அலமேலு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூரை வீடு, வாசலில் மூன்று ஆடு. பிள்ளைகள் ஒருத்தரும் இல்லை. என் பையைத் தூரத்தில் பார்த்ததுமே நாலும் பறந்துவிட்டனவாம். அலமேலுவின் அப்பா வெள்ளையன் மட்டும் நின்றார். ஒல்லி ஆள், முப்பத்தைந்து இருக்கும்.

"எம்பொண்ணு எப்பிடி இருக்குதுங்க?"

"உங்க பிள்ளைங்க நாலு பேர்ல ஒருத்தர் ரத்தம் சேர்ந்தா நல்லாயிருவா."

"சேரலன்னா?"

நான் பையை இறக்கி வைத்தேன். அவர் குனிந்து ஒரு ஆட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து அவரைப் பிடி பிடியென்று பிடித்தாள். பெயர் காசியம்மா. "ஏண்டா தம்பி, வந்தவங்கள நிக்க வெச்சே பேசிக்கினு கீறியே, தண்ணி குடுத்தியா?" என்னிடம் திரும்பி, "எங்கூடப் பொறந்தவன்தாம்மா. என் பொண்ணு சின்னப்பொண்ண இவனுக்குத்தான் கட்டிக் குடுத்தேன். அக்காவும் நானே, மாமியாரும் நானே. அதனால ரெண்டு பங்கு திட்டலாம்" என்றாள். பாவாடை விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றைக்குப் பிள்ளைகள் அகப்படவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒவ்வொன்றாக வந்து, என் கை இரண்டும் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தன. சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. சுடச்சுட ஒரு கவளம் உள்ளே போனதும் எனக்கு லண்டன் உருளைக்கிழங்கு அத்தனையும் மறந்துபோயிற்று. வெட்கத்தை விட்டு மறுசோறு கேட்டேன். காசியம்மா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஊசியை எடுத்தேன். நாலு பிள்ளைகளும் கொட்டகைப் பரண்மேல். கெஞ்சினேன், மிட்டாய் காட்டினேன், பாவாடை மீசையை முறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. வெறுங்கையோடு இறங்கினால் அலமேலு?

அப்போது வெள்ளையன் என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"மொதல்ல எனக்குக் குத்துங்க."

"உங்களுக்கு வேண்டாங்க. அப்பாவோடது பொருந்தாது."

"பொருந்துதோ இல்லியோ, குத்துங்க. புதுக் கெழங்கு தோண்டுனாக்கூட எங்க வூட்ல அப்பன்தான் மொதல்ல தின்னுப் பாப்பான். அவன் நல்லாயிருந்தாத்தான் புள்ளைங்க வாய் வெக்கும். அதுங்க மேலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்குது."

பலா மரத்தில் ஏறுகிற மனுஷன்! நீட்டிய கையை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், முகம் மட்டும் பரணைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தது. குத்தினேன். ஒரு சத்தம் இல்லை. "எறும்பு கடிச்சாப்ல கூட இல்லடா!" என்று மேலே பார்த்துச் சொன்னார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டு சொட்டாக என் கைமேல் விழுந்தது.

ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொன்று. கால் மணி நேரத்தில் நாலும் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டிவிட்டன, சின்னது மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

நாலு குழாயைத் துண்டில் சுற்றினேன். ஐந்தாவதை ஓரமாக வைத்ததைக் காசியம்மா பார்த்துவிட்டாள்.

"எந்தம்பிது இன்னாத்துக்குத் தனியா வெக்கற?"

"அது தேவையில்லம்மா. கொட்டிரலாம்."

"கொட்டறதா? ஒடம்புலேர்ந்து எடுத்த ரத்தத்த மண்ணுல ஊத்துவாங்களா? அடுக்குமா இது? எத்தினு போ. அங்க கொண்டுபோய் இன்னா வேணா பண்ணு, எங்கொல்லையில ஊத்தாத."

அவளோடு வாதாட எனக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. ஐந்தையும் சேர்த்துச் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, மேலே சேலையை இழுத்துச் செருகினேன்.

மலை இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்தால், மெயின் ரோடு மொத்தமும் அடைப்பு. பாவாடை குறுக்கு வழியில் ரிஷிவந்தியம் பக்கம் விட்டார். கொஞ்ச தூரம்தான். ஒரு புளிய மரம் ரோட்டை அடைத்துப் படுத்திருந்தது. அதன் மேலேயே ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க போறீங்க? வழி கெடையாது."

பாவாடை வண்டியை நிறுத்தி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "டேய் ஏழுமல, நீயாடா மரத்த சாய்ச்ச?"

கோடாலியோடு நின்ற ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அட, நம்ம பங்காளி! உன்ன எங்கடா நேத்து ஆளக் காணோம்? ஊரே வந்துகினு கீது, நீ பொம்பளய ஏத்தினு ஊர் சுத்தற?"

"நானும் வந்திருப்பேன்டா. இந்தம்மா இடுப்புல ரத்தம் கட்டினு வந்துட்டாங்க, நான் இன்னா பண்ண?"

இடுப்பில் ரத்தம் என்றதும் கூட்டம் எழுந்து என்னைச் சுற்றிக்கொண்டது. மலைப்பெண், ஒன்பது வயது, நாளைக் காலைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று நான் மூச்சு விடாமல் சொன்னேன். ஒருவர் ஓடிப்போய்ச் சோடாக்கடையிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியை வேட்டியில் ஏந்திக்கொண்டு வந்துவிட்டார். நானும் பாவாடையும் ஒரே குரலில் "ஐஸ் வேண்டாம்!" என்று அலறினோம். "உள்ள இருக்கறது உசிரோட இருக்கோணும்டா, ஐஸ் வெச்சா செத்துப்பூடும்" என்று பாவாடை அவர்களுக்குப் பாடமே எடுத்தார். என் கள்ளக்குறிச்சிப் பேச்சைவிடத் தெளிவாக இருந்தது.

ஏழுமலை கோடாலியைக் கீழே வைத்தார். "எங்க புள்ளைங்களும் உன்ன மாதிரி டாக்டருக்குப் படிக்கோணும்னுதாம்மா ரோட்ல உக்காந்துக்கினு இருக்கோம். அப்பேர்ப்பட்ட டாக்டரையே வுடலன்னா எப்பிடி? டேய், புடிங்கடா!"

எட்டுப் பேர் சேர்ந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். என்னையும் தூக்க வந்தார்கள், நானே ஏறிக் குதித்துவிட்டேன். ஐஸ் கொண்டுவந்தவர் மனசு கேட்காமல் அதை உடைத்து எல்லோருக்கும் சோடாவில் போட்டுக் கொடுத்தார். அத்தனை வெயிலில் அது தேவாமிர்தம்.

இப்படி இன்னும் மூன்று மரம். ஒவ்வொன்றிலும் அதே கேள்வி, அதே தூக்கல், அதே ஐஸ் பாடம். மணலூர்பேட்டையில் வண்டியை விட்டுவிட்டுப் பெண்ணையாற்று மணலில் இறங்கி நடந்தோம். அக்கரையில் ஒரு பால் வண்டிக்காரர் என்னைக் கேன்களுக்கு நடுவில் உட்காரவைத்துக்கொண்டார். பாவாடை கரையில் நின்று கத்தினார்: "டாக்டரம்மா! பாலுக்கு ஐஸ் வெச்சிருப்பான், தள்ளி உக்காருங்க!"

நான்காம் நாள் காலை, தலையெல்லாம் மண்ணாக ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தேன். கமலாதான் எங்கள் சோதனைக்கூடக்காரி. குழாய்களைப் பார்த்தாள்.

"நாலு பிள்ளைங்கதானே? இது யாரு?"

"அப்பா."

"அப்பா எதுக்கு? லண்டன்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"அவங்க அக்கா கொட்டக் கூடாதுன்னுட்டாங்க. பார்த்துட்டு நீயே கொட்டு."

சாயங்காலம் வரை அவள் மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலை தூக்கவில்லை. மூத்தது பொருந்தவில்லை. அடுத்தது இல்லை. மூன்றாவதும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டிய அந்தச் சின்னதும் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாலு மரம் தாண்டியது, ஆறு தாண்டியது எல்லாம் போயிற்று. சின்னப்பொண்ணு முகத்தில் எப்படி விழிப்பேன்?

"ஏய்," என்றாள் கமலா. "இங்க வா. அந்த அப்பாவோடதைப் பாரு."

பார்த்தேன். அலமேலுவுடையதைப் பார்த்தேன். திரும்ப அவருடையதைப் பார்த்தேன். ஒரே அச்சு.

"மாத்தி வெச்சிட்டியா?"

"நீதான் மாத்திப் படிச்சிட்டு வந்திருக்கே," என்றாள் கமலா.

அப்போதுதான் காசியம்மாவின் இரண்டு பங்கு திட்டு எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளையன் கட்டியிருப்பது அக்கா மகளை. ரத்தம் பொருந்த வேண்டிய அடையாளம் ஒவ்வொருவருக்கும் இரண்டு, தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. அவருடைய ஒன்று நேராக அலமேலுவுக்குப் போயிருக்கிறது. மற்றதுதான் அக்காவிடமும் இருந்திருக்கிறது. அது அக்காவிடமிருந்து மகளுக்குப் போய், மகளிடமிருந்து பேத்திக்கு வந்துவிட்டது. ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தாலும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். அவர் ஊரில் யாரும் அக்கா மகளைக் கட்டுவதில்லையாதலால் லண்டன் வாத்தியாருக்கு இந்த வழி தெரியவில்லை. அறையில் நானும் கமலாவும் கட்டிக்கொண்டு குதித்ததில் ஒரு கண்ணாடித் தட்டு உடைந்தது.

வார்டுக்கு ஓடினேன். சின்னப்பொண்ணு கேட்டுவிட்டு அழுவாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள். "அவரா? ஊசிக்கு அவரு கைய நீட்டுனாரா? நெசமாவா? எங்க, இன்னொரு தபா சொல்லுங்க!" மூன்று தரம் சொன்ன பிறகுதான் அழுதாள்.

குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தை மறுபடி ஒரு தடவை சோதித்துப் பார்த்தோம். சந்தேகமே இல்லை. அம்மாவுக்கு விஷயம் எழுதினேன், எழுதியிருக்கக் கூடாது. "இனி என் தம்பியைப் பற்றி வாய் திறப்பாயா?" என்று பதில் வந்தது. முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்திருக்க என்னால் ஆகாது: அலமேலு பிழைத்தாள். அடுத்த சாமை அறுப்புக்கு ஊரில் இருந்தாள். ஆனால் நான் சொல்ல நினைத்தது அதுவல்ல, வெள்ளையன் வந்த அன்றைக்கு நடந்தது.

ரோடு திறந்ததும் பாவாடை போய் அவரையும் காசியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். மஜ்ஜை எடுக்கிற அன்று வெள்ளையன் மேஜைமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி தயாராக இருந்தது. அவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"புள்ளைங்க யாரும் இங்க இல்லியே?"

"இல்லை. மலையிலதான் இருக்காங்க."

"அலமேலு?"

"கண்ணாடி அறையில. இங்கேருந்து கேட்காது."

"அப்ப சரிங்க," என்று மூச்சை இழுத்துக்கொண்டு, ஊசி பட்டதும் ஒரு கத்தல் கத்தினார் பாருங்கள். "யக்காவ்!" என்று அந்தக் கட்டடமே குலுங்கியது. வெளியே வராந்தாவிலிருந்து காசியம்மா, "இன்னாடா தம்பி!" என்று பதிலுக்குக் கத்தினாள்.

கேட்காது என்று நான் சொன்னதும் தப்பாகப் போயிற்று. பின்னால் நர்ஸம்மா வந்து சொன்னார்கள். சத்தம் கேட்டு அலமேலு எழுந்து உட்கார்ந்தாளாம்.

"அது எங்க அப்பா. அவருக்கு ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"மொதல்ல அவருக்கா?"

"ஆமா, முதல்ல அவருக்குத்தான்."

அதற்குப் பிறகு அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாளாம்.